காதுத் தோடும் வீட்டுப் பாலிசியும்

தியாகதுருகம் கடைத்தெருவில் நின்று "இன்சூரன்ஸ்காரர் வீடு எது?" என்று கேட்டால் போதும், பேர் சொல்லத் தேவையில்லை. கோட்டை மலையைப் பார்த்தபடி இருக்கும் திண்ணை வீட்டைக் காட்டிவிடுவார்கள். திண்ணை ஓரத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் பழைய கவர் நோட்டுப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு துணிப் பொட்டலம் கிடக்கிறது. பிரித்தால் மாட்டுக் காதில் மாட்டுகிற, எண் பொறித்த வில்லைகள். ஊரில் அதற்குத் தோடு என்று பேர்.

1994-ல் பொதுத்துறைக் கம்பெனி ஒன்றில் அவர் ஏஜென்சி எடுத்தார். தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக இன்னும் இருபத்தைந்து வருஷம், 2019 நவம்பர் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்கு முதலில் கிடைத்த வேலை மாட்டு இன்சூரன்ஸ். ஊரக வளர்ச்சிக் கடனில் கறவை மாடு வாங்கினால் அதற்கு இன்சூரன்ஸ் போட்டாக வேண்டும். கால்நடை டாக்டர் சான்று கொடுப்பார், காதில் தோடு ஏறும், தோட்டின் எண் பாலிசியில் ஏறும். மாடு செத்தால் தோட்டைக் கொண்டுவர வேண்டும். தோடு இல்லை என்றால் பணம் இல்லை. செத்த மாட்டின் காதைத் தோட்டோடு அறுத்து, வாழையிலையில் மடித்து, பஸ் ஏறி வந்து இதே திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். அந்த நிபந்தனை கொடுமையாகத் தெரியும். ஆனால் அதில் ஒளிவுமறைவு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது தெரியும். எதற்குப் பணம் வரும், எதைக் காட்டினால் வரும் என்பது மாட்டின் காதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டு இன்சூரன்சில் அப்படி ஒன்று இல்லையே என்ற ஆதங்கம்தான் இத்தனை வருஷமாக அவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குப் பாலிசி போடுகிறவர்கள் அன்றைக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ரைஸ்மில் முதலாளி, வாத்தியார்கள், மாடி கட்டிய இரண்டு மூன்று மிராசுகள். அவர்களிடம் போய் நின்றால் ஒப்பிக்க ஒரு பாட்டு இருந்தது: தீ, மின்னல், வெடிப்பு, கலவரம், புயல், வெள்ளம், நிலச்சரிவு. கிளை அலுவலகத்தில் டெவலப்மென்ட் ஆபீசர் சொல்லிக் கொடுத்தது. எதெல்லாம் கிடைக்கும் என்று சொல்லு, மற்றதை பாலிசி சொல்லிக்கொள்ளும் என்பார் அவர். பாலிசி இங்கிலீஷில், பொடி எழுத்தில், நாலு பக்கம். அதை யார் படிப்பது? விற்றவரும் படிக்கவில்லை, வாங்கியவரும் படிக்கவில்லை. அன்றைக்கு இந்தியா முழுக்க ஒரே விலை. அகில இந்திய தீ காப்பீட்டுக் கட்டண அட்டவணை என்று ஒரு புத்தகம். தியாகதுருகத்து ஓட்டு வீட்டுக்கு என்ன ரேட் என்றாலும், திருநெல்வேலி மாடி வீட்டுக்கு என்ன ரேட் என்றாலும் அதில்தான் பார்க்க வேண்டும். 2006 கடைசியோடு அந்த அட்டவணை போயிற்று. 2007 ஜனவரி முதல் கம்பெனிக்கு ஒரு விலை.

அவர் மனசில் ஆறாமல் இருக்கிற ஒரு சம்பவம் உண்டு. ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, பத்து வருஷத்துக்கு மேல் விடாமல் வீட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் பாலிசி கட்டிவந்தவர். ஒரு ஐப்பசி ராத்திரி இடி இறங்கியது. தெருவில் நாலு வீட்டில் டி.வி. போனது. டீச்சரம்மா வீட்டில் டி.வி.யோடு கிணற்று மோட்டாரும் புகைந்தது. காலையில் இவரே போய்ப் பார்த்தார். மோட்டார் காயில் கருகி, வார்னிஷ் தீய்ந்த நாற்றம் அறையெல்லாம் இருந்தது. சந்தோஷமாகவே கிளெய்ம் படிவத்தை நிரப்பினார். மின்னல் என்று பாலிசியின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே! நட்டம் இருபதாயிரத்துக்குள் இருந்ததால் அன்றைய விதிப்படி அதை மதிப்பிட உரிமம் பெற்ற சர்வேயர் வர வேண்டிய அவசியமில்லை. அலுவலகத்திலிருந்தே ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மாசம் கழித்துக் கடிதம் வந்தது. கிடையாது.

காரணம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மின்சாதனம் எதுவானாலும், மின்னழுத்தம் ஏறியோ, ஷார்ட் சர்க்யூட் ஆகியோ, தானே சூடேறியோ கெட்டுப்போனால் அந்தச் சாதனத்துக்கு இழப்பீடு இல்லை, எந்தக் காரணத்தால் கெட்டாலும் சரி, மின்னல் உள்பட. அந்த 'மின்னல் உள்பட' என்பது அடைப்புக்குறிக்குள் இருந்தது. மின்னல் சுவரைப் பிளந்தால் சுவருக்குப் பணம் வரும். டி.வி. பற்றி எரிந்து பீரோ கருகினால் பீரோவுக்குப் பணம் வரும். மின்கம்பி வழியாக வந்து டி.வி.யை மட்டும் கொன்றால் டி.வி.க்கு வராது. கிராமத்து வீட்டுக்கு மின்னல் எந்த வழியாக வருகிறது? பத்துக்கு ஒன்பது தடவை கம்பி வழியாகத்தான்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரம்மா கோபப்படவில்லை. "மின்னல்னு நீங்கதான தம்பி சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருஷமும் பாலிசியைப் புதுப்பித்தார். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது இவர் குரல் தாழ்ந்துவிடுகிறது.

அன்று ராத்திரி லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாலிசியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். மூன்று ராத்திரி ஆயிற்று. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அட்டையில் 'கிடைக்காதவை' என்று எழுதி, உள்ளே தமிழில் ஒவ்வொன்றாக இறக்கினார். அதற்கு அப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்த நோட்டைத்தான் பிரிப்பார். வியாபாரம் பாதியாகக் குறைந்தது. டெவலப்மென்ட் ஆபீசர் கூப்பிட்டுத் திட்டினார். இவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த நோட்டிலிருந்து சில வரிகள் சொன்னால் சாதாரண குடும்பத்துக்கு இதில் எங்கே இடிக்கிறது என்பது தெரியும். பூட்டிய வீடு: பழைய தீ பாலிசியில் வீடு தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், முன்கூட்டிக் கம்பெனியிடம் எழுதி வாங்காவிட்டால், பாதுகாப்பு நின்றுபோகும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போய்ப் பொங்கலுக்குத் திரும்புகிறவர்கள் நிறைந்த ஊர் இது. திருட்டு: தீ பாலிசியில் திருட்டு கிடையாது, அதற்குத் தனிப் பாலிசி. அதிலும் பூட்டை உடைத்து, கதவை நெம்பி, பலவந்தமாக நுழைந்த தடயம் வேண்டும். மாடத்தில் வைத்த சாவியை எடுத்துத் திறந்து போனால் சிக்கல். விரிசல்: புதுக் கட்டடம் அமர்வதால் வருகிற விரிசலுக்கும், நிரப்பிய மண் இறங்குவதால் வருகிற விரிசலுக்கும் பணம் இல்லை. கரிசலில் கடைக்கால் போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டிய வரி இது. தேய்மானம்: துருப்பிடித்த ஆணியும் உளுத்த சட்டமும் யார் தலையிலும் விழாது, வீட்டுக்காரர் தலையில்தான்.

தேய்மானம் என்கிற சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு மே மாசத்துக் காற்று காட்டியது. கூத்தக்குடி போகும் வழியில் ஒரு வீடு. சிமென்ட் ஷீட் கூரை ஐந்தாறு தாள் பறந்து பக்கத்துக் கரும்பில் விழுந்து கிடந்தது. வந்த சர்வேயர் நல்ல மனுஷர், நிதானமானவர். ஏணி போட்டு ஏறினார். உடைந்த தாள்களை விட்டுவிட்டு, நின்றிருந்த தாள்களைப் பிடித்திருந்த ஜே போல்ட் ஒவ்வொன்றையும் விரலால் ஆட்டிப் பார்த்தார். ஒன்று கையோடு வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, டேப் பிடித்து அளந்தார். வீட்டுக்காரர் நீர்மோர் கொடுத்தார், குடித்தார். கடைசியில் அறிக்கையில், பறந்த ஷீட்டின் விலையிலிருந்து இத்தனை வருஷத் தேய்மானம் கழித்து, போல்ட் துருப்பிடித்திருந்ததற்காக இன்னும் கொஞ்சம் கழித்து, மிச்சத்துக்கு ஆவரேஜ் அடித்திருந்தார்.

ஆவரேஜ் என்பது இந்தத் தொழிலில் வீட்டுக்காரர்களுக்குப் புரியாத சொல், கேட்டதும் கோபம் வருகிற சொல். ஆறு லட்சம் பெறுகிற வீட்டை மூன்று லட்சத்துக்கு இன்சூர் செய்திருந்தால், பாதிக்குத்தான் இன்சூரன்ஸ், மறுபாதிக்கு நீயே பொறுப்பு என்று கணக்கு. அடுப்பங்கரை எரிந்து 80,000 ரூபாய் நட்டம் என்றால் 40,000-தான் வரும். "மூணு லட்சத்துக்குப் போட்டிருக்கேன், எம்பதாயிரம் குடுக்க என்ன?" என்று அவர்கள் கேட்பது நியாயமாகத்தான் படும். தொகையைக் குறைத்துப் போடச் சொன்னது பல வீடுகளில் இவரே. பிரீமியம் குறைந்தால்தான் சம்மதிப்பார்கள் என்று, "அண்ணே, மூணு போதும்ணே" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அந்தத் தவறை அவர் யார் மேலும் தள்ளுவதில்லை.

விலை ஏறிய கதைக்கு வருவோம். டீச்சரம்மா வீட்டு ரசீதுகள் முதல் வருஷத்திலிருந்து இவரிடம் இருக்கின்றன. வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை காசு என்ற விகிதம் வீடுகளைப் பொறுத்தவரை பெரிதாக ஏறவில்லை. ஏறியவை இரண்டு: காப்புத் தொகையும் வரியும். சதுரடிக்குச் சில நூறு ரூபாயில் கட்டிய வீட்டைத் திரும்பக் கட்ட இன்றைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். எம்-சாண்ட், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் பாலிசித் தொகையில் வந்து உட்கார்ந்துவிட்டன. வரியின் கதை வேறு. இந்தியாவில் சேவை வரி முதன்முதலாக வந்தது 1994 ஜூலையில், மூன்றே மூன்று சேவைகளுக்கு: தொலைபேசி, பங்குத் தரகு, ஆயுள் அல்லாத இன்சூரன்ஸ். அன்றைக்கு 5 சதவீதம். இவர் தொழிலுக்கு வந்த அதே வருஷம். பிறகு 8, 10, 12, 14, 15 என்று ஏறி, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யாகி 18-ல் நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது என்று அறிவிப்பு வந்தபோது கடைத்தெருவில் பத்துப் பேர் இவரை நிறுத்தி, வீட்டுப் பாலிசிக்கும் குறையுமா என்று கேட்டார்கள். குறையவில்லை. உடம்புக்கு நீங்கிய வரி, உடம்பை வைத்திருக்கிற வீட்டுக்கு நீங்கவில்லை. ஆயிரம் ரூபாய் பிரீமியத்துக்கு 180 ரூபாய் இன்னமும் போகிறது.

உண்மையான அடி விழுந்தது முன்னால் கடையும் பின்னால் வீடுமாக இருப்பவர்களுக்கு. தியாகதுருகம் மாதிரி ஊர்களில் கடைத்தெரு வீடுகள் பாதிக்கு மேல் அப்படித்தான். முன் அறையில் மளிகையோ, உரமோ, துணியோ. திரைச்சீலையைத் தள்ளினால் கூடம், தொட்டில், அடுப்பங்கரை. இன்சூரன்ஸ் கண்ணுக்கு இது வீடு கிடையாது, கடை. வீடு என்றால் பழைய பாலிசியில் கழிவு கிடையாது. கடை என்றால் புயல், வெள்ளம், மின்னலால் வருகிற ஒவ்வொரு நட்டத்திலும் முதல் 5 சதவீதம், குறைந்தது 10,000 ரூபாய், கடைக்காரர் கையிலிருந்து போக வேண்டியிருந்தது. சின்னக் கடையில் நட்டமே பத்தாயிரம்தான். ஆக, வருஷா வருஷம் பணம் கட்டியும் கைக்கு ஒன்றும் வராமல் போனது.

அந்தக் கடைகளின் பிரீமியம் 2020-ல் ஒரேயடியாக எகிறியது. 2007-க்குப் பிறகு போட்டி போட்டுக்கொண்டு தள்ளுபடி கொடுத்த கம்பெனிகள் தீ இன்சூரன்சில் கையைச் சுட்டுக்கொண்டன. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் தங்கள் பாரத்தை மேலே ஒரு கம்பெனியிடம் இன்சூர் செய்து வைக்கும். அதற்கு மறுகாப்பீடு என்று பேர். இங்கே அந்த மேல்வீட்டுக்காரர் ஜி.ஐ.சி. ரீ என்ற கம்பெனி. இன்சூரன்ஸ் தகவல் வாரியம் கணக்கிட்ட ரேட்டுக்குக் குறைத்துப் பாலிசி எழுதினால் எங்கள் பங்கு வராது என்று அது சொல்லிவிட்டது. 2019 மார்ச்சில் எட்டு வகைத் தொழில்களுக்கு, 2020 ஜனவரியில் எல்லா வகைக்கும். மும்பையில் போட்ட கையெழுத்து தியாகதுருகம் உரக்கடையில் வந்து இறங்க இரண்டு மாசம்கூட ஆகவில்லை. போன வருஷப் பிரீமியத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான நோட்டீசைக் காட்டி, "என்னாண்ணே, நம்ம கடை எரியலையே, எவன் கடையோ எரிஞ்சதுக்கு நாம ஏன் கட்டணும்?" என்று கேட்ட இளைஞருக்கு இவரால் மறுகாப்பீட்டை விளக்க முடிந்தது. சமாதானப்படுத்த முடியவில்லை. இளைஞர் பாலிசியை விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் 2021 அக்டோபர் 26-ல், தீபாவளிக்குச் சில நாள் முன்னால், இதே மாவட்டத்துச் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை வெடித்துத் தீப்பிடித்தது. ஐந்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பக்கத்துக் கடைகளும் சேர்ந்து நாசமாயின. மறுநாள் அந்த உரக்கடை இளைஞர் தானாகவே திண்ணைக்கு வந்தார்.

வீட்டுக் கடன் வாங்கியவர்களின் பாலிசி தனி ரகம். இது பெரும்பாலோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாத பாலிசி. கடன் கொடுக்கும்போது வங்கியே ஒரு தொகையைப் பிடித்து, கட்டடத்துக்கு மட்டும், தன் கடனுக்குத் தோதாக, பாலிசி எடுத்துக்கொள்கிறது. மூலப்பத்திரத்தோடு பாலிசியும் வங்கிப் பெட்டகத்தில். நட்டம் என்றால் பணம் முதலில் கடன் கணக்குக்குப் போகும். 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில் இறங்கியது. திருக்கோவிலூர்ப் பக்கம் இவருக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், கட்டில், அரிசி மூட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் சேறு. இன்சூரன்சே இல்லை என்று உட்கார்ந்திருந்தார்கள். கடன் புத்தகத்தைப் புரட்டியபோது இன்சூரன்ஸ் என்று வருஷா வருஷம் பிடித்திருந்த தொகை தெரிந்தது. இவர் வங்கிக்கு நாலு தடவை அலைந்து பாலிசி நகல் வாங்கினார். கட்டடம் மட்டும். சுவர் நின்றது, உள்ளே இருந்தது எல்லாம் போனது, பாலிசியோ சுவருக்கு. ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த 2,000 ரூபாய்தான் அந்தக் குடும்பத்தின் கைக்கு முதலில் வந்த பணம்.

நாட்டில் நடந்த நல்லதையும் அவர் மறைக்காமல் சொல்கிறார். 2021 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று ஒரு வீட்டுப் பாலிசியைக் கொண்டுவந்தது. அதில் ஆவரேஜ் அடிக்கக் கூடாது. தேய்மானம் கழிக்காமல் திரும்பக் கட்டும் செலவைக் கொடுக்க வேண்டும். கட்டடத்தோடு சாமான்களையும் சேர்த்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, சாமான்களுக்குத் தானாகவே உண்டு. 20 லட்சத்து வீட்டுக்கு 4 லட்சம். சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் தகடு எல்லாம் வீட்டுக் கணக்கிலேயே வரும். பத்து வருஷத்துக்கு மொத்தமாகவும் எடுக்கலாம். நோட்டிலிருந்து பல வரிகளைச் சிவப்பு மையால் அடித்தார். ஆனால் மின்சாதனம் பற்றிய அந்த வரியை அடிக்க முடியவில்லை. புதுப் பாலிசியிலும் அது அப்படியே, 'மின்னல் உள்பட' என்ற சொற்களோடு, உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு குறை, இந்த நல்ல பாலிசியை ஊருக்குள் கொண்டுபோக ஆள் இல்லை என்பது. சின்ன வீட்டுக்குச் சில நூறு ரூபாய்ப் பிரீமியம், அதில் ஏஜென்டுக்கு அதிகம் போனால் நூறு. சூளாங்குறிச்சிக்கு வண்டியில் இரண்டு தடவை போய்வந்தால் பெட்ரோலுக்கே சரி. வண்டி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம், தேடி வருவார்கள். மருத்துவ இன்சூரன்சில் பிரீமியம் பெரிது. வீடு யாருக்கும் வேண்டாத பிள்ளை.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் முற்றிவிட்டது. கலிபோர்னியாவின் மிகப் பெரிய வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனியான ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதத்தோடு அங்கே புது வீடுகளை எடுப்பதை நிறுத்தியது. 2024-ல் 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தது. காட்டுத்தீ பிடிக்கும் என்று தெரிந்ததும் கம்பெனி கழன்றுகொள்கிறது என்று டல்லஸில் இருக்கும் மருமகன் போனில் சொன்னபோது, இவருக்குக் கல்வராயன் மலை ஞாபகம் வந்தது. அங்கே கழன்றுகொள்ளக்கூட யாரும் உள்ளே வந்ததில்லை.

வெள்ளிமலைக்கு அவர் ஒரே ஒரு தடவைதான் தொழில் விஷயமாகப் போனார். மலையில் ஒரு கடையில் பேச்சுக் கொடுத்தபோது, பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், எங்கள் வீட்டுக்கும் போடுவீர்களா என்று கேட்டார். நடந்து போய்ப் பார்த்தார்கள். மண் சுவர், புல் கூரை, சாணி மெழுகிய தரை, மூலையில் திருவையும் கேழ்வரகுக் குதிரும். அத்தனை சுத்தமான வீடு. இன்சூரன்ஸ் அகராதியில் புல், ஓலை, மூங்கில், தார்ப்பாய் எதில் வேய்ந்தாலும் அது கச்சாக் கட்டடம். கம்பெனிகள் தொடத் தயங்கும் இனம். மேலும், வீடு உன்னுடையது என்பதற்கு என்ன காகிதம் என்று கேட்க வேண்டும். மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியிலிருந்து 1976-ல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்த மலை அது. பட்டா இல்லாமல் தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்கள் அங்கே எத்தனையோ பேர். படிவத்தைப் பையிலிருந்து எடுக்காமலே இவர் இறங்கி வந்தார்.

ஒரு காலத்தில் அரசாங்கமே குடிசைக்கு இன்சூரன்ஸ் வைத்திருந்தது என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. 1988 மே முதல் தேதி மத்திய அரசு கொண்டுவந்த திட்டம். பிரீமியத்தை அரசே கட்டும். கிராமத்து ஏழையின் குடிசை தீப்பிடித்தால் குடிசைக்கு 1,000 ரூபாய், சாமான்களுக்கு 500. தொகை சின்னது. ஆனால் கரும்புத் தோகை வேய்ந்த குடிசைக்கும் ஒரு பாலிசி உண்டு என்ற எண்ணம் அதில் இருந்தது. இப்போது இருப்பது நிவாரணம். பேரிடர் நிவாரண விதிப்படி அழிந்துபோன குடிசைக்கு 8,000 ரூபாய். ஃபெஞ்சலில் தமிழக அரசு 10,000 கொடுத்தது. நிவாரணம் கொடுக்கிறவர் மனசைப் பொறுத்தது, இன்சூரன்ஸ் கேட்டு வாங்குகிற உரிமை. இந்த வித்தியாசத்தைச் சொல்லும்போது அவர் கை மேஜையைத் தட்டும். 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் பசுமை வீடு, 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என்று கூரை வீடுகள் கான்கிரீட் ஆகிக்கொண்டிருக்கின்றன. மூன்றரை லட்சம் ரூபாய் அரசுப் பணத்தில் 360 சதுரடி வீடு எழும்புகிறது. அதன் சாவியோடு ஒரு பத்து வருஷப் பாலிசியையும் கொடுத்துவிட்டால் என்ன என்று ஊராட்சிக் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தார். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எழுதுவதுதான் இப்போது அவர் முக்கிய வேலை. கிளெய்ம் மறுக்கப்பட்டவர்கள் திண்ணைக்கு வந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு கடிதம். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு ஒரு கடிதம். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை அவர் விசாரிக்கலாம். இது ஊரில் ஐந்து பேருக்குக்கூடத் தெரியாது. டீச்சரம்மாவின் கடிதம் வந்த வருஷம் இவருக்கும் தெரியாது.

போன மாசம் ஒரு புதுப்பித்தல். சித்தலூர் பக்கம், கரும்பு விவசாயி வீடு. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, வழக்கம்போல் முதலில் நோட்டைப் பிரித்துக் கிடைக்காதவற்றை வாசித்தார். மின்னல் வரி வந்ததும் வீட்டுக்காரர் எழுந்து போய் டி.வி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு இவர் வெளியே வந்து போனில் வீட்டை நாலு பக்கமும் படம் எடுத்தார். கூரை, சுற்றுச்சுவர், கேட், மாடித் தொட்டி, மீட்டர் பெட்டி. எல்லாவற்றையும் அங்கேயே நின்று வீட்டுக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார். அதற்கு இவர் வைத்திருக்கும் பேர், வீட்டுக்குத் தோடு போடுவது.

பின்பக்கம் தகரம் போட்ட மாட்டுத் தொழுவம். இரண்டு பசு, ஒரு கன்று. பசுக்களின் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை.

"இதுவும் சேருமாப்பா?" என்று வீட்டுப் பாட்டி கேட்டார். வீட்டோடு சேர்ந்த புறக்கட்டடங்கள் பாலிசியில் உண்டு, ஆனால் தொழுவம் அதில் வருமா என்பதற்கு இரண்டு அலுவலகத்தில் இரண்டு பதில் கேட்டவர் இவர்.

"தெரியல ஆயா. எழுதிக் கேட்டுடறேன். எழுத்துல பதில் வரட்டும், அப்புறம் பணம் கட்டுங்க."

டேப்பின் ஒரு முனையைப் பாட்டியிடம் கொடுத்தார். பாட்டி தூணோரம் குனிந்து பிடித்துக்கொண்டார். பன்னிரண்டடிக்கு ஒன்பதடி. நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு அளவைக் குறித்துக்கொண்டார்.